தாய்மாமன் கொடுத்த தோல்

அரியலூர்
22-1-1946

தம்பி கொளஞ்சிக்கு,

உன் அக்காள் ரத்தினம்மாள் எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதே. நீயும் பூங்காவனமும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். நாங்கள் இங்கே அப்படி இல்லை. அதனால்தான் மூன்று வருஷம் கழித்து உனக்கு எழுத உட்கார்ந்தேன்.

பொங்கல் கழிந்து கொல்லையில் நெல் அவித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் விளையாடிக்கொண்டிருந்த செங்கமலத்தின் பாவாடையில் தீப்பிடித்துவிட்டது. நான் சாக்கைப் போட்டு அமுக்குவதற்குள் வலது கை தோளிலிருந்து முழங்கைக்குக் கீழே வரைக்கும், விலாப்பக்கமும் வெந்துபோய்விட்டது. எனக்கு இடது கையிலும் முழங்காலிலும் காயம், என்னை விடு. எட்டு வயதுப் பிள்ளை "அம்மா எரியுது, ஊதும்மா" என்கிறாள். எவ்வளவுதான் ஊதுவேன்?

இங்கே மிஷன் ஆஸ்பத்திரியில் புது டாக்டர் ஒருவர் இருக்கிறார். பர்மாச் சண்டையில் பட்டாளத்தோடு இருந்துவிட்டு வந்தவர். திறந்து கிடக்கிற புண் வழியாக உடம்பின் சத்தெல்லாம் வடிந்து போகிறதாம். மேலே தோல் வைத்து மூடினால் பிழைப்பாள் என்கிறார். அவள் தொடையிலிருந்தே எடுக்கலாம், ஆனால் இப்போது இன்னொரு காயம் பட்டால் தாங்க மாட்டாள். உறவில் யாராவது கொடுத்தால் வைத்துப் பார்க்கலாமாம். "நிலைக்குமான்னு நான் உறுதி சொல்ல மாட்டேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். உன் மாமா முதல் ஆளாகப் போய் நின்றார். நீரிழிவு இருப்பதால் அவரிடம் எடுக்கக் கூடாதாம். எனக்குக் காய்ச்சல் இறங்கவில்லை, இப்போது ஆகாது என்றுவிட்டார்.

உன்னை வரச் சொல்லி நான் எழுதவில்லை. இவள் காதுகுத்துக்கு நீ ஏறிவந்த, பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடுகிற பஸ் வழியில் நின்றுபோனதும், முகூர்த்தம் தப்புகிறது என்று உன் மாமா தூரத்து மாமன் முறைக்காரர் ஒருவர் மடியில் பிள்ளையை உட்கார வைத்துக் காது குத்தியதும், நீ முகமெல்லாம் கரியோடு சீர்த்தட்டை ஏந்திக்கொண்டு வந்து நின்றதும் எனக்கு மறக்கவில்லை. எங்கள் வாசலில் சூடம் ஏற்றி அணைத்து, "இந்த வாசப்படிய இனி மிதிக்க மாட்டேன்" என்று சத்தியம் செய்தாயே, அது அதைவிட மறக்கவில்லை. ஆகையால் கூப்பிடவில்லை. தாய்மாமனுக்குத் தெரிவிக்க வேண்டியது முறை, தெரிவித்துவிட்டேன்.

பெரம்பலூர் பஸ் இப்போது மத்தியானத்தில் வருகிறது என்று சொன்னார்கள்.

ரத்தினம்மாள்


பெரம்பலூர்
3-2-1946

அக்காவுக்கு,

பத்திரமாக வீடு வந்து சேர்ந்தேன். உன் காய்ச்சல் விட்டதா? கைக்காயத்துக்கு ஒழுங்காக மருந்து போடுகிறாயா, இல்லை பிள்ளையைப் பார்க்கிறேன் என்று உன்னை விட்டுவிட்டாயா?

நான் வந்தது கம்பவுண்டர் சொல்லித்தான் உனக்குத் தெரிந்திருக்கும். மாமா உன்னை வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போன நேரம் பார்த்து வந்தேன். ஆஸ்பத்திரிக்கும் வாசப்படி உண்டு, ஆனால் அது உன் வாசப்படி இல்லை. அதனால் சத்தியம் கெடவில்லை. மயக்கம் தெளிந்து பார்த்தபோது வலது தொடை முழுக்கக் கட்டு. அது எரிந்த எரிச்சலில்தான் பிள்ளை படுகிற பாடு எனக்குப் புரிந்தது. ஆண்கள் வார்டில் படுத்திருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் நீ அவளைக் கஞ்சி குடிக்கச் சொல்லி அதட்டுவது கேட்டது. எழுந்து வந்திருக்கலாம். தொடையில் கட்டு இருக்கிறதே என்று படுத்துக்கொண்டேன். அது சாக்குத்தான்.

புறப்படும் முன் நீ இல்லாதபோது செங்கமலத்தைப் பார்த்தேன். "நீங்கதான் மாமாவா?" என்றாள். மூன்று வருஷத்தில் மறந்துவிட்டிருக்கிறாள். ஆமாம் என்றேன். காதுகுத்துக்குக் கொண்டுவந்த சீரை அன்றைக்கு யாரும் வாங்கவில்லை. இதையாவது அவள் வாங்கிக்கொள்ளட்டும்.

பூங்காவனம் உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னாள்.

தம்பி
கொளஞ்சி


அரியலூர்
9-2-1946

அன்பான தம்பிக்கு,

எனக்குக் காய்ச்சல் குறைந்திருக்கிறது. நீ தொடைப் புண்ணில் தண்ணீர் படவிடாதே. பள்ளிக்கூடத்தில் நின்றுகொண்டே பாடம் சொல்லாதே, நாற்காலி போட்டு உட்கார்.

ஒட்டிக்கொண்டுவிட்டது தம்பி. கட்டைப் பிரித்தபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன், "பாருங்கம்மா, பாருங்க" என்று டாக்டர்தான் பார்க்கச் சொன்னார். தபால் கார்டைக் கிழித்து ஒட்டிய மாதிரி துண்டு துண்டாக வைத்திருக்கிறார்கள். அத்தனையும் இளஞ்சிவப்பு. விரலால் அழுத்தினார், வெளுத்தது. எடுத்தார், மறுபடி சிவந்தது. ரத்தம் ஓடுகிறதாம். யாருடைய ரத்தம்? நம் வீட்டு ரத்தம் அல்லவா? தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்று சும்மாவா சொன்னார்கள். பிள்ளை நேற்று அழாமல் தூங்கினாள்.

இன்னொன்று. சுவருக்கு அந்தப் பக்கம் நீ படுத்திருப்பது எனக்குத் தெரியாதென்றா நினைத்தாய்? கஞ்சியைக் குடி குடி என்று அவ்வளவு சத்தமாக நான் யாருக்காகச் சொன்னேன்? குரலைக் கேட்டாவது எழுந்து வருவாய் என்று பார்த்தேன். கல்நெஞ்சுக்காரன்.

ஒரு வாய் சோறு என் கையால் சாப்பிட்டுவிட்டுப் போயிருக்கலாம். இப்போதாவது வா.

உன் அக்காள்
ரத்தினம்


அரியலூர்
16-2-1946

தம்பிக்கு,

நீ சுகமா? இங்கே சுகமில்லை.

முந்தாநாள் துண்டுகளின் ஓரம் தடித்தது. நேற்று கறுத்தது. இன்று கட்டைப் பிரித்தபோது பஞ்சோடு கையில் வந்துவிட்டது. இரண்டு வாரம் இருந்தது, அவ்வளவுதான். பிள்ளைக்கு மறுபடி காய்ச்சல்.

ஊரில் ஒருத்தர் விடாமல் பேசுகிறார்கள். சூடம் அணைத்தவன் தோல் எப்படி நிற்கும் என்று என் காதுபடவே சொன்னார்கள். ஊர்வாயை மூட உலைமூடியா இருக்கிறது? பேசட்டும். ஆனால் கேட்டுக் கேட்டு எனக்கும் மனசு ஒரு நிலையில் இல்லை. ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. நீ மனசாரத்தான் கொடுத்தாயா?

ரத்தினம்மாள்


பெரம்பலூர்
4-3-1946

அக்காவுக்கு,

என் தொடை ஆறிவிட்டது. செங்கமலத்தின் காய்ச்சல் எப்படி இருக்கிறது என்று உடனே எழுது.

கோபித்துக்கொள்ளாதே என்று எழுதிவிட்டுக் கோபம் வருகிற மாதிரியே கேட்பது சின்ன வயதிலிருந்து உன் பழக்கம். கோபம் வந்தது. கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இரண்டு வாரமாக அலைந்தேன். மனசாரத்தான் கொடுத்தேன் அக்கா. ஆனாலும் நீ கேட்ட பிறகு எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. மனசில் ஏதோ ஒரு மூலையில் அந்தக் காதுகுத்து இன்னும் கிடக்கிறதோ, அதுதான் கையைத் தட்டிவிட்டதோ என்று பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லும்போதுகூட ஓடுகிறது.

போன சனிக்கிழமை கல்லங்குறிச்சிப் பெருமாளிடம் போய், சாமியாக நிற்கிற கம்பத்தைக் கட்டிக்கொண்டு நின்றேன். "என் கோவத்த எல்லாம் நீயே வச்சுக்க சாமி, பிள்ளைய விட்டுடு" என்று சொன்னேன். அங்கிருந்து உன் வீடு நடக்கிற தூரம்தான். பாதி தூரம் நடந்தேன். திரும்பிவிட்டேன்.

இடது தொடை பாக்கி இருக்கிறது. டாக்டரைக் கேட்டு எழுது, வருகிறேன். இந்தத் தடவை நின்றுவிட்டால் பெருமாள் என் சத்தியத்தைத் தள்ளுபடி செய்துவிட்டார் என்று வைத்துக்கொள்கிறேன். அன்றைக்கே உன் வீட்டுக்கு வந்து நீ போடுகிற சோற்றைச் சாப்பிடுகிறேன். நிற்காவிட்டால், அப்புறம் நான் என்ன சொல்ல?

கொளஞ்சி


அரியலூர்
12-4-1946

அன்பான தம்பிக்கு,

நீ ஊருக்கு நல்லபடி போய்ச் சேர்ந்தாயா? தொடை எரிச்சல் எப்படி இருக்கிறது? கட்டுப் பிரிக்கும் வரைக்கும் இருந்திருக்கலாம். பரீட்சை, பள்ளிக்கூடம் என்று ஓடிவிட்டாய்.

இந்தத் தடவை எனக்கும் உடம்பு தேறியிருந்ததால் டாக்டர் உன்னிடம் கொஞ்சம் என்னிடம் கொஞ்சம் எடுத்து, அவள் கையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார் அல்லவா? உள்ளே போகும்போது நீ "வலிக்குதாக்கா?" என்றாய். இன்னும் கத்தியே படவில்லை, அதற்குள் வலிக்குதா என்று கேட்கிறான் பார் என்று சிரிப்பு வந்தது. மூன்று வருஷம் கழித்து நீ என்னிடம் பேசிய முதல் பேச்சு அது. நான் படுத்துக்கொண்டே அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

கட்டுப் பிரித்தார்கள். உன்னுடையது இந்தத் தடவை சிவக்கவே இல்லை. வெளுத்து, அப்படியே கறுத்து, ஒரு வாரம்கூட நிற்காமல் வந்துவிட்டது. போன தடவை இரண்டு வாரமாவது இருந்தது. பக்கத்திலேயே என்னுடையது நிற்கிறது. நல்ல சிவப்பு. அழுத்தினால் வெளுக்கிறது, விட்டால் சிவக்கிறது. பெத்தவள் தோல் அல்லவா? பிள்ளை பிழைத்துவிடுவாள் தம்பி. எனக்குக் கால் தரையில் பாவவில்லை. உனக்குத்தான் முதலில் எழுதுகிறேன்.

உன்னுடையது போனால் என்ன, நீ வா. என்னுடையது நிற்கிறதே, அது பெருமாளுக்குப் போதாதா?

உன் அக்காள்
ரத்தினம்


அரியலூர்
20-6-1946

தம்பிக்கு,

நீயும் பூங்காவனமும் எப்படி இருக்கிறீர்கள் என்று தெரியவில்லை. இரண்டு மாதமாகிறது, ஒரு கார்டுகூட இல்லை. தொடைப்புண் ஏதும் சீழ் வைத்துவிட்டதோ என்று பயமாக இருக்கிறது.

செங்கமலத்துக்குப் புண் ஆறிவருகிறது. வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டோம். கஞ்சி குடிக்கிறாள், தோசை கேட்கிறாள். இங்கே மழை இல்லை. செவலைப் பசு கன்று போட்டிருக்கிறது, கிடாரி. கொல்லையில் முருங்கை ஒடிந்து விழுந்துவிட்டது. வேறு விசேஷம் ஒன்றும் இல்லை. நான் நன்றாக இருக்கிறேன்.

பெரம்பலூர் பஸ் வருகிற நேரத்தில் எனக்குக் கடைத்தெருவில் ஏதாவது வேலை வந்துவிடுகிறது. யாராவது உன்னைப் பற்றிச் சொல்வார்களா என்று பார்க்கிறேன்.

ரத்தினம்மாள்


அரியலூர்
10-9-1946

மைத்துனர் கொளஞ்சி அவர்களுக்கு, பஞ்சநாதன் எழுதிக்கொண்டது.

உமக்கும் உம் வீட்டாருக்கும் சகல நன்மையும் உண்டாகட்டும். எனக்குக் கடிதம் எழுதி வழக்கமில்லை. வயல் விவகாரம் தவிர நான் எதுவும் எழுதியதில்லை. ஆகையால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

உம் அக்காளுடைய தோலும் விழுந்துவிட்டது. உம்முடையது போன அடுத்த வாரமே போய்விட்டது. அவள் உமக்கு எழுதியிருக்க மாட்டாள். பெத்தவள் தோலையே பிள்ளை தள்ளிவிட்டது என்று தெரிந்தால் ஊரில் தலைகாட்ட முடியாது, யாரிடமும் சொல்லக் கூடாது என்று என் கையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள். உமக்குத் தெரியவே கூடாது என்றாள். "அவனோடது போச்சு, என்னோடது நிக்குதுன்னு நானே கைப்பட எழுதிட்டேனே" என்று சொல்லித் தலையில் அடித்துக்கொண்டாள். இப்போது ஆவணியும் முடியப்போகிறது. ஆள் பாதியாகிவிட்டாள். தினம் பஸ்ஸுக்குப் போய் நிற்கிறாள். எனக்குப் பொறுக்கவில்லை.

நானே டாக்டரிடம் போய்க் கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "உடம்புக்கு மாமன், மச்சான் தெரியாதுங்க. அம்மாவையும் தெரியாது. தன்னோடது எது, தன்னோடது இல்லாதது எது, அது ரெண்டுதான் தெரியும். வேத்தாள் தோலுன்னு கண்டுக்க அதுக்குக் கொஞ்ச நாளாகும். கண்டுக்கிட்டா தள்ளிடும். சீமையில சண்டையில வெந்தவங்களுக்கும் இப்படித்தான் ஆச்சுன்னு வைத்தியப் பத்திரிகையில எழுதியிருக்காங்க" என்றார். அப்படியானால் என் மைத்துனருடையது இரண்டாம் தடவை ஏன் அவ்வளவு சீக்கிரம் போயிற்று என்றேன். "அம்மை ஒரு தடவ வந்தா மறுபடி வராது இல்லீங்களா? உடம்பு ஞாபகம் வச்சுக்குது. அதே கததான். அம்மாவோடது அதுக்குப் புதுசு, பத்து நாள் புடிச்சுது. மாமாவ ஏற்கெனவே பாத்திருக்கு. வந்ததுமே அடையாளம் தெரிஞ்சுபோச்சு" என்றார். ஆகவே உம் மனசிலும் குற்றமில்லை, நீர் அணைத்த சூடத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

இன்னொன்றும் சொன்னார். நீங்கள் இருவரும் கொடுத்தது நிற்காவிட்டாலும், இருந்த நாள் மட்டும் புண்ணை மூடிக் காத்தது. அந்தத் தெம்பில்தான் வைகாசியில் பிள்ளையின் தொடையிலிருந்தே எடுத்து வைக்க முடிந்தது. அது நின்றுவிட்டது. நீர் கொடுக்காமலிருந்தால் மாசி மாதமே பிள்ளையைப் பறிகொடுத்திருப்போம் என்றார்.

காதுகுத்து அன்று நடந்ததைப் பற்றி நான் கடிதத்தில் எழுதுவதாக இல்லை. நேரில் வந்தால் பேசுவேன். பெண்டாட்டிக்குக் கையடித்துக் கொடுத்த சத்தியத்தை இதோ மீறிவிட்டேன். எனக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை. யோசித்துக்கொள்ளும்.

பஞ்சநாதன்


பெரம்பலூர்
16-9-1946

அக்காவுக்கு,

நான் சௌக்கியம். தொடையில் சீழும் இல்லை ஒன்றும் இல்லை. உன் கடிதத்துக்குப் பதில் எழுதாமல் இருந்தது கோபத்தினால்தான். உன்னுடையது நின்றது என்று படித்ததும் பிள்ளை பிழைத்தாளே என்று சந்தோஷமாகத்தான் இருந்தது. கூடவே பொறாமையும் வந்தது, மறைப்பானேன். நான் இரண்டு தடவை கொடுத்தேன், என்னை இரண்டு தடவையும் வேண்டாம் என்றுவிட்டாள், உன்னை மட்டும் வைத்துக்கொண்டாள் என்று மூன்றாம் வகுப்புப் பையனைப் போல முறுக்கிக்கொண்டு கிடந்தேன். பூங்காவனம்கூடத் திட்டினாள்.

மாமா எல்லாவற்றையும் எழுதிவிட்டார். அவரோடு சண்டை போடாதே. எனக்கு ஒன்று மட்டும் எழுது. உன்னுடையது விழுந்த அன்றைக்கு உன் பக்கத்தில் யார் இருந்தார்கள்?

கொளஞ்சி


அரியலூர்
19-9-1946

தம்பி,

யாரும் இல்லை.

ரத்தினம்


அரியலூர்
2-10-1946

பூங்காவனத்துக்கு,

சௌக்கியமாக வந்து சேர்ந்தேன். வழியில் பஸ் எங்கும் நிற்கவில்லை. நீ தனியாக இருக்கிறாயே, துணைக்குப் பக்கத்து வீட்டு ரெங்கம்மாள் வந்து படுத்துக்கொள்கிறாளா? இது எந்த வீட்டிலிருந்து எழுதுகிறேன் என்று இதற்குள் ஊகித்திருப்பாய்.

தெருவில் வந்து நின்றேன். கால் எழவில்லை. அக்காள் உள்ளே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள், வா என்று சொல்லவில்லை. சொல்லி, நான் திரும்பிப் போய்விட்டால் என்ன செய்வது என்று பயந்தாள் போலிருக்கிறது. மாமா வெளியே வந்து என் பக்கத்தில் நின்றார். நேரில் பேசுவேன் என்று எழுதிய மனுஷன் என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டார், அவ்வளவுதான். செங்கமலம்தான் ஓடிவந்து, "ஏன் மாமா வெயில்ல நிக்கறீங்க, வூட்டுக்குள்ள வாங்க" என்று வேட்டியைப் பிடித்து இழுத்தாள். போய்விட்டேன். பெருமாளுக்குச் சொல்ல வேண்டியதை நான் சொல்லிக்கொள்கிறேன்.

அக்காள் சோறு போட்டாள். நீயே பார்த்தால் அடையாளம் தெரியாது, அவ்வளவு இளைத்திருக்கிறாள். மோர் ஊற்றும்போது, "பெத்தவளையே வேணாங்குதுடா அந்த உடம்பு" என்றாள். "என்னைய ரெண்டு தடவ வேணாங்குச்சுக்கா" என்றேன். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் அவள் அழுதாள், நானும் அழுதேன். இலையில் மோர் ஓடிக்கொண்டிருந்தது.

சாயங்காலம் செங்கமலம் சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டினாள். முழங்கை முழுசாக நீளவில்லை. தோல் திட்டுத்திட்டாக இருக்கிறது. "இதெல்லாம் என் தொடையில எடுத்தது மாமா. இந்த எடத்துலதான் நீங்க இருந்தீங்க, பக்கத்துல அம்மா" என்று விரல் வைத்துக் காட்டினாள். அங்கே இப்போது அவளுடையதுதான் இருக்கிறது. நாங்கள் விழுந்தபோது வலித்ததா என்று கேட்டேன்.

"வலிக்கல. மொதல்ல சும்மா இருக்கும். அப்பறம் அரிக்கும். அரிச்சா மாமா கெளம்பப் போறாங்கன்னு அர்த்தம். ரெண்டாவது தடவ எனக்குத் தெரிஞ்சுபோச்சு. போவாதீங்க மாமான்னு கட்டு மேல கைய வச்சு அமுக்கிக்கிட்டே படுத்திருந்தேன். டாக்டர் கைய எடுன்னு திட்டுனாரு, நான் எடுக்கல" என்றாள்.

பூஜை விடுமுறை முடியும் வரைக்கும் நான் இங்கேதான் இருப்பேன். நீயும் புறப்பட்டு வந்துவிடு, பஸ்ஸுக்கு அக்காள் வந்து நிற்பாள்.

கொளஞ்சி